இயந்திரத்தின் தரப்பு

நாகர்கோவில் கோர்ட்டில் மற்றவர்கள்
மனிதர்களுக்காக எழுந்து நிற்பார்கள்.
நான் எழுந்தால் பெஞ்சு கிளார்க் சிரிப்பார்:
"ஓய், வால்வு வந்துட்டு."

முப்பத்தொரு வருடம்.
வெடித்த குக்கருக்கு வாதாடினேன்,
கசிந்த ரெகுலேட்டருக்கு,
கீரிப்பாறை ரப்பர்க் காட்டின் மேல்
செப்பு மருந்து தெளித்த ஹெலிகாப்டருக்கு.
அதன் வால் விசிறி
மருந்து கலக்கும் செல்லப்பனின் வலக்கையை எடுத்தது.
விசிறியில் சிவப்புப் பட்டை இருக்கிறதே,
பார்க்கவில்லையா என்றேன்.
"நிக்கும்போ செவப்பு சாரே.
சுத்தும்போ வெறும் காத்து."
அவன் கவனக்குறைவு பாதி என்று காட்டி
தொகையைப் பாதியாக்கினேன்.
அப்பீல் இன்னும் நிற்கிறது. வாய்தா ஜூன் பதினொன்று.

படித்தது சட்டம். பிழைத்தது வேறு படிப்பில்.
ரப்பர் வளையம் எத்தனை கொதியில் இளகும்,
உப்புக்காற்று எத்தனை மழைக்குள் எஃகைத் தின்னும்,
கையேட்டின் பதினேழாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது.
அந்தப் பக்கம்தான் என் வயல்.
ஒரே வருடத்தில் ஆறு போகம் அறுத்திருக்கிறேன்.

பிறகு குளச்சல் ததேயுவின் வழக்கு.
அவுட்போர்டு எஞ்சின்,
விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஒரு பின்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பாறையில் விசிறி இடித்தால்
தான் உடைந்து எஞ்சினைக் காக்கும்.
"கனம் நீதிபதி அவர்களே, உடைவதே அதன் வேலை,"
என்றேன். பூனாவிலிருந்து வந்த பொறியாளர்
கைக்குட்டைக்குள் தலையாட்டினார்.
(குளச்சல் பார்க்கப் போனதிலிருந்து
அவருக்கு மூக்கில் மத்தி.)

மனைவி பிளாசிதா கூண்டில்.
பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று
ஜூனியர்களைத் திட்டுகிறவன் நான்.
அன்று சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.
"மாற்றுப் பின் எடுத்துப் போகச் சொல்கிறது கையேடு.
உங்கள் கணவர் எடுத்துப் போனாரா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பைக்குள்ளிருந்து ஒரு தைல டப்பா.
"மூணு கொண்டு போனாவ.
கரைக்கு வந்த அன்னைக்கி
அவியளுக்க சட்டைப் பையில இருந்தது.
எண்ணிப் பாருங்க."
ஆறு துண்டு.
பாறையே இல்லாத ஆழத்தில்
ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ராத்திரியில்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

நான் எழுந்தேன். கால் தானாக எழுந்தது.
ஆவணப் பட்டியலில் இல்லாத பொருள்.
யார் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.
ஏற்கக் கூடாது.
ஏற்கவில்லை.

தீர்ப்பன்று பூனாவிலிருந்து
முந்திரிக் கேக் பெட்டி வந்தது.
வராந்தாவில் பிளாசிதா
டப்பாவை என் ஃபைல் மேல் வைத்தாள்.
"கோர்ட்டுக்கு வேண்டாம்னா
எனக்கும் வேண்டாம் சாரே. நீங்களே வையுங்க."
சாபம் மாதிரிச் சொல்லவில்லை.
சில்லறை மிச்சத்தைக் கொடுப்பது மாதிரிச் சொன்னாள்.

ஒரு துண்டைத் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு அனுப்பினேன்,
என் செலவில், என் பெயரில்.
பத்து நாளில் ஒற்றைத் தாள்:
இருக்க வேண்டிய கடினத்தில் பாதி.
நாற்பது நிமிடம் நான் மறுத்தது அதைத்தான்.
கட்சிக்காரருக்கு எதிராக
நான் வாய் திறக்க முடியாது.
அதுவும் சட்டம். நல்ல சட்டம்தான்,
எனக்கு இன்னொருவன் வக்கீலாக இருந்தால்.

ஆடியில் இனயத்திலிருந்து இன்னொரு வழக்கு,
அதே எஞ்சின், அதே பின்.
வக்காலத்தைத் திருப்பி அனுப்பினேன்.
காரணம் கேட்டார்கள். சொந்தக் காரணம்.
அதற்கு மேல் வீரம் ஒன்றும் இல்லை;
குக்கர் வழக்குகளை இன்றும் எடுக்கிறேன்.

ஆய்வகம் துண்டைத் திருப்பி அனுப்பியது.
டப்பா மேசை இழுப்பறையில் இருக்கிறது.
எதையோ தேடி இழுக்கும்போதெல்லாம்
ஆறும் ஒன்றாகப் பேசுகின்றன.
நான் ஆட்சேபிப்பதில்லை.